யாரும் மிதிக்காத விரிப்பு

ஹாலின் நடுவில் புது விரிப்பு கிடந்தது. செங்கல் நிறம். நான்கு ஓரத்திலும் மஞ்சள் பட்டை. சிந்துவின் அறை வாசலில் தொடங்கி சமையலறை நிலைப்படி வரைக்கும், அதன் மேல் வெள்ளையாய்ச் சின்னச் சின்னப் பாதங்கள்.

சுற்றி நாங்கள் நான்கு பேர் நின்றோம். நான், என் கணவர் பாலு, மகள் சிந்து, பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. பெயின்ட் வாசனை இன்னும் லேசாக இருந்தது.

"ம், நடங்க," என்றேன். "நடக்கத்தான செஞ்சிருக்கேன்."

ஒருவரும் அசையவில்லை. சரோஜா அக்கா மட்டும் குனிந்தார். முதல் பாதத்தை விரலால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"எம்புட்டு அழகா வந்திருக்கார்!" என்றார்.

அவர் சொன்னது 'வந்திருக்கார்' என்று. என் மகள் நடப்பதற்காக முதுகொடியச் செய்த விரிப்பில் யாரும் கால் வைக்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

நடு ஹாலில் ஒரு கண்மாய்

போன வாரம் இந்தத் தொடரை ஆஸ்பத்திரி வராந்தாவோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிந்து எங்களுக்கு ஒரே பெண். கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தவள். ஒரு நாள் சாயங்காலம் அவள் இறங்கிக்கொண்டிருந்தபோதே பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள்.

எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்க, இனி இந்தக் காலுக்கு ஒண்ணுமில்ல. நடக்க வேண்டியது அவங்கதான்" என்றார்.

அவள் நடக்கத்தான் செய்தாள், ஆனால் சுவரை விட்டு விலகாமல். எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறது. கட்டும்போது தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தது என் கணவர். "குனிஞ்சு பாத்தா தலை சீவிக்கிற மாதிரி இருக்கணும்" என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கினார். அப்படியே இருந்தது. அந்தப் பளபளப்பைக் கண்டுதான் சிந்துவுக்குப் பயம்.

அறையிலிருந்து சமையலறைக்கு நேராய் வர பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். அவள் நேராய் வர மாட்டாள். கதவு, செருப்பு ஸ்டாண்ட், டிவி மேஜை, பீரோ, பிரிட்ஜ் என்று ஒன்றை விடுமுன் இன்னொன்றைப் பிடித்துச் சுற்றி வருவாள். நடு ஹால் எங்கள் வீட்டில் ஒரு கண்மாய் மாதிரி ஆகிவிட்டது. அவள் போக்குவரத்தெல்லாம் கரையோரம்தான்.

ஜூனில் கல்லூரி திறக்கும். இறுதி ஆண்டு. போகாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்.

"ம்மா, நான் வீட்லயே இருந்துக்கிறேன். கரஸ்ல படிச்சு முடிச்சுக்கிறேன். எதுக்கு எல்லாருக்கும் அலைச்சல்?"

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். ரசம் ஊற்று என்பது போலச் சொன்னாள். மூச்சிரைக்கப் படியேறி, வாசலிலேயே பையை வீசிவிட்டு "பசிக்கிது" என்று கத்துகிற பெண், மிச்சக் காலத்தையும் பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் கழிக்க முடிவு செய்துவிட்டாள். எனக்கு அவள் விழுந்த செய்தி வந்த நேரத்தைவிட இதுதான் பயமாக இருந்தது.

நானும் தேறியவள் இல்லை. இன்றைக்கும் எங்காவது ஒரு டம்ளர் கீழே விழுந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஜமக்காளமும் ரப்பரும்

தரை வழுக்குகிறது என்றால் மேலே எதையாவது விரிக்க வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதலில் ஜமக்காளம் போட்டோம். டைல்ஸ் மேல் அது படகு மாதிரி போயிற்று. என் கணவரே ஒரு காலையில் காபியோடு ஒரு முழம் பயணம் செய்தார்.

சணல் விரிப்பு வாங்கினோம். தடிமனான அதன் ஓரத்தில் சிந்துவின் கால் விரல் தட்டியது. அவள் விழவில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் ரப்பர் பாய். அதை விரித்த உடனேயே, "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது, எடும்மா" என்றாள். எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஏதோ ஒரு வீடியோவில் அந்த விரிப்பைப் பார்த்தேன். தடித்த கித்தான் துணி, அதாவது லாரிக்கு மேலே போர்த்துகிற ஜாதித் துணி. அதன் மேல் பெயின்ட் அடித்து, படம் வரைந்து, பல கை வார்னிஷ் பூசித் தரையில் போட்டிருந்தார்கள். தரையோடு தரையாய்ப் படிந்து கிடந்தது. ஓரம் காலில் தட்டுகிற உயரமே இல்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்றார்கள். இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை வேறு.

"தண்ணி நிக்காது டீச்சர்"

தெற்குவாசல் பக்கம் ஒரு தார்ப்பாய் கடைக்குப் போனேன். கடைக்காரர் இஸ்மாயில் பாய். அவர் பேத்தி என்னிடம் படித்தவள், அதனால் என்னைத் தெரியும்.

"வாங்க டீச்சர். லாரிக்கா, வேனுக்கா?"

"ஹாலுக்கு, பாய்."

"ஹாலுக்கா? வீடு ஒழுகுதா?"

"ஒழுகல. தரையில விரிக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேல போடுறத கீழ போடுறேங்கிறீங்க. போடுங்க, நமக்கென்ன. நல்ல சரக்காத் தாரேன். ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது டீச்சர்!"

பெருமையாய்ச் சுருட்டிக் கொடுத்தார். நானும் பெருமையாய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் மொட்டை மாடியில் விரித்து பிரைமர் அடித்தால், பிரைமர் துணியில் இறங்கவே இல்லை. சேம்பிலையில் விட்ட தண்ணீர் மாதிரி முத்து முத்தாய் உருண்டது. மழைக்குத் தாங்க மெழுகு ஏற்றிய துணி அது.

திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன டீச்சர், தண்ணி நின்னுச்சா?"

"தண்ணி மட்டுமில்ல பாய், பெயின்ட்டும் நிக்கல."

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பெயின்ட் அடிக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? அல்லா! இந்தாங்க, இது மெழுகு ஏறாதது, பச்சைக் கித்தான்."

பச்சை என்றால் நிறமில்லை, எதுவும் ஏற்றாதது என்று அர்த்தம். பழுப்பாய், கோதுமைச் சாக்கு மாதிரி இருந்தது. வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முதல் துணி இப்போது எங்கள் ஸ்கூட்டர் மேல் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணி நிற்பதில்லை.

மொட்டை மாடியில்

செய்முறையை எழுதுங்கள் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். எழுதுகிறேன். இப்போது நான் இதை யாருக்கும் நம்பிக்கையோடு சொல்லித் தருவேன்.

துணியை முதலில் நனைத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு சுருங்கி மூலைகள் தூக்கும். காய்ந்ததும் விறைப்பாய் இழுத்து, ஓரங்களில் செங்கல் வைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். அடிப்பக்கமும் ஒரு கை அடித்துவிட்டால் துணி அப்பளம் மாதிரி வளையாது. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிறம். ஓரங்களை ஒரு விரல் அகலம் உள்ளே மடித்துப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும்.

மதுரை வெயிலில் பெயின்ட் காய்வதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நேர் வெயிலில் அடித்தால் கொப்புளம் வரும். தண்ணீர்த் தொட்டி நிழல் நகர நகர நானும் நகர்ந்துகொண்டு அடித்தேன். நாகமலையின் கல்லெல்லாம் வெந்து, காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவது போல வரும். என் கணவர் மத்தியானம் தன் கடையிலிருந்து சாப்பிட வரும்போது மாடிப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டுவார்.

"கோமதி, இருக்கியா? இல்ல காஞ்சிட்டியா?"

கடைசிப் பூச்சுதான் எனக்குக் கவலையாக இருந்தது. வார்னிஷ் பளபளக்கும். பளபளப்பது வழுக்கும். அப்புறம் டைல்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள். உராய்வு விசை என்று எத்தனையோ வருஷம் போர்டில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறேன். அந்த அம்புக்குறியின் அருமை என் வீட்டு ஹாலில்தான் தெரிந்தது.

மீந்த துண்டுத் துணியில் சோதனை செய்தேன். வார்னிஷில் கோலப்பொடி கலந்தால் பிடிப்பு வந்தது, ஆனால் மேலே பனி மூடியது போல வெளுத்துவிட்டது. ஆற்று மணலை நைசாய்ச் சலித்து, ஈர வார்னிஷ் மேல் உப்புத் தூவுவது போலத் தூவி, அதன் மேல் இன்னொரு கை அடித்தேன். அது சரியாக வந்தது. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

சலிப்பதற்கு நான் எடுத்தது டீ வடிகட்டி. மறுநாள் காலையில் என் கணவர் டீயை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"வைகையையே வடிகட்டிட்டியா?"

அடுத்த அறையிலிருந்து சிந்து சிரித்த சத்தம் கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் கேட்கிறேன். புது வடிகட்டி வாங்கிக்கொண்டோம்.

கை தானாகப் போட்ட பாதம்

வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட், "அடி ஒரே அளவா விழணும், அவங்க ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா வைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விரிப்பிலேயே அடிகளை வரைந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அறையிலிருந்து சமையலறைக்கு, சம தூரத்தில், வலது இடது வலது இடது. அவற்றின் மேல் காலை வைத்து வந்தால் போதும். கண்மாய்க்குக் குறுக்கே கல் போட்டது மாதிரி.

சிந்துவின் பழைய செருப்பை வைத்து அளந்து, சாக்பீஸால் புள்ளி வைத்தேன். அது வரைக்கும் ஆசிரியை வேலைதான். புள்ளிகளில் பாதம் வரைய வேண்டும் என்றதும், நான் தூரிகையை எடுக்கவில்லை. வலது கையை முஷ்டியாக மடக்கி, அதன் பக்கவாட்டை வெள்ளைப் பெயின்டில் தோய்த்து, துணியில் ஒற்றினேன். மேலே ஐந்து விரல்களையும் விரல் நுனியால் புள்ளியாய் வைத்தேன். அடுத்தது இடது கை.

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் மாவில் பாதம் போடாத கை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது? பாதம் என்று நினைத்ததும் கை அந்த வடிவத்துக்குத்தான் மடங்கியது. மூளையைக் கேட்கவே இல்லை. நன்றாக வேறு வந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சில் கடைசி வரைக்கும் போட்டு முடித்து, நிமிர்ந்து பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டேன்.

சிந்துவுக்கு ஒன்றரை வயதில், மாவில் அவள் காலையே தோய்த்து நடக்கவிட்டோம். பாதி வழியில் உட்கார்ந்து மாவை நக்க ஆரம்பித்துவிட்டாள். பெயின்டில் பாதம் போட்டுக்கொண்டிருந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போடுவது யார் கால் என்று நினைக்கவில்லை.

மாவில் போட்டால் மறுநாள் எறும்புக்குக் கொஞ்சம், துடைப்பத்துக்கு மிச்சம். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. பெயின்டில் போட்டு, மேலே வார்னிஷும் அடித்தால்? அதை நான் யோசிக்கவே இல்லை.

திருவாதவூர் வகுப்பறை

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் வேலை பார்த்தது திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே பிள்ளைகள் ஒரு காகிதம் காலில் பட்டுவிட்டால்கூடக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பக்கத்துப் பையன் மேல் கால் பட்டாலும் அதேதான். நான் புதிதாய் எம்.எஸ்ஸி. முடித்த தைரியத்தில், காகிதம் என்பது என்ன, மரக்கூழ்தானே என்று ஒரு பாடமே நடத்தினேன்.

நடத்தி முடித்துத் திரும்பும்போது மேஜையிலிருந்த வருகைப் பதிவேடு என் காலடியில் விழுந்தது. கால் பட்டது. என் கை போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சிலிருந்த ஒருத்தி மட்டும், "மரக்கூழ் டீச்சர்" என்றாள், ரொம்ப மரியாதையாக.

மறுபடியும் ஹாலில்

ஆக, அன்றைக்கு நான்கு பேரும் விரிப்பைச் சுற்றி நின்றோம்.

"சிந்து, வாடா. சும்மா பாதத்து மேல பாதம் வச்சு வா," என்றேன்.

"கிருஷ்ணர் பாதம்மா இது."

"பெயின்ட்டும்மா."

"அப்ப நீ வைய்யி."

வைத்துக் காட்டுகிறேன் பார் என்று வலது காலைத் தூக்கினேன். முதல் பாதத்துக்கு மேலே கொண்டுபோனேன். பெருவிரல் தானாக மடங்கிக்கொண்டது. இறக்க முடியவில்லை. காலைத் திருப்பி எடுத்துத் தரையில் வைத்தேன்.

சிந்து கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். "மரக்கூழ் டீச்சர்," என்றாள். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னது நான்தான்.

சரோஜா அக்கா என் பக்கம் பேசினார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். எங்களோடு சுத்தமான மதுரைத் தமிழ். "டீச்சர் நல்ல எண்ணத்துலதான போட்டாங்க. ஆனா கோமதி, பேசாம இத சுவத்துல மாட்டிரு. ஹாலே கோயில் மாதிரி ஆயிரும்."

"நடக்குறதுக்குச் செஞ்சது அக்கா!"

"அவரு நடக்கட்டும்."

என் கணவர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது. பாதங்களுக்கு இடையில் நுனிக்காலால், வரப்பில் போவது போல கையை விரித்துத் தாண்டித் தாண்டிப் போனார். அங்கிருந்து திரும்பிப் பார்த்து, "முந்தி ஒருத்திதான் சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனா. இனிமே எல்லாரும் அப்படித்தான்" என்றார்.

மறுநாள் செங்கல் நிறப் பெயின்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் மூடி அடித்துவிட்டு, வெறும் வட்டங்கள் போட்டுவிடலாம். தூரிகையைத் தோய்த்தும் விட்டேன். முதல் பாதத்தின் மேல் பெயின்டை இழுக்கக் கை வரவில்லை. மிதிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு எழுந்தேன். வாழ்க்கையில் நான் செய்த பொருள்களிலேயே இவ்வளவு உறுதியானதும் இவ்வளவு உபயோகமற்றதும் வேறில்லை என்று நினைத்தேன்.

வடை போட்ட அன்று

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் வடை போட்டுக்கொண்டிருந்தேன். சிந்து காபிக்கு வருகிற நேரம். அவள் வருவது எனக்குச் சத்தத்திலேயே தெரியும். டிவி மேஜையில் வளையல் இடிக்கும், பீரோக் கதவு கிறீச்சிடும், கடைசியில் பிரிட்ஜ் லேசாய் ஆடும். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள்.

கை எதையும் பிடிக்கவில்லை. பிடிக்க அங்கே ஒன்றும் கிடையாது. தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி, பாத வரிசைக்கு இடது பக்கமாக, ஒட்டி, ஆனால் படாமல், ஒரு காலை எடுத்து வைத்தாள். நிதானித்தாள். அடுத்த காலை வைத்தாள். பக்கத்தில் போகிற பாதம் எவ்வளவு தூரத்தில் விழுந்திருக்கிறதோ அவ்வளவு தூரத்தில் இவள் காலும் விழுந்தது.

என் வாய் திறந்தது. அவள் நிமிராமலே சொன்னாள்.

"பேசாதம்மா. கால் பட்டுரும்."

ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் உடம்பு துடித்தது. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வடை கருகிக்கொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடி அடுப்பை அணைக்காமல் அப்படியே நின்றேன். அவள் கடைசிப் பாதத்தைக் கடந்து, சமையலறைக்குள் வந்து, மேடையில் கையை ஊன்றினாள்.

"வடை தீயுது," என்றாள்.

"எப்படிடா வந்த?"

"அது போற வழிலதான் வந்தேன்." ஒரு வடையை எடுத்து ஊதினாள். "விழுந்துருவேனோன்னு தோணவே இல்லம்மா. மிதிச்சிருவேனோன்னுதான் தோணுச்சு."

நான் திரும்பி நின்று மாவைத் தட்டினேன். முகத்தைப் பார்த்தால் அவள் கேலி செய்வாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவுக்கு மறுபடி நடந்து காட்டினாள். அவர் கூடவே நகர்ந்து, "இந்தா வாரா, வாரா, வந்துட்டா" என்று ஆரம்பித்தார்.

"ப்பா, கமென்ட்ரி வேணாம். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். நானும் தள்ளி நின்றேன். அதைவிடக் கடினமான வேலை அந்தக் கோடையில் நான் வேறெதுவும் செய்யவில்லை.

பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்தார். "இப்பதான் அடி சமமா விழுது. என்ன பண்ணுனீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சிந்து, "அம்மா தப்பா வரைஞ்சிட்டாங்க" என்றாள்.

ஜூனில் கல்லூரிக்குப் போனாள். முதல் வாரம் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அப்புறம் ஷேர் ஆட்டோ. டவுன் பஸ் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

விரிப்பைப் பார்த்துக்கொள்வது

அந்த விரிப்பு இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பாதத்துக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள். தபால்காரர்கூட.

செய்ய நினைப்பவர்கள் சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற பழக்கம் இருந்தால், வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பதற்கு முன்னால் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். அடியில் தண்ணீர் போனால் பூஞ்சை பிடிக்கும். எக்காரணம் கொண்டும் மடிக்காதீர்கள். மடித்த இடத்தில் பெயின்ட் வெடித்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு குழாயில் சுருட்டுங்கள். பினாயில் ஆகாது, வார்னிஷைப் பிசுபிசுப்பாக்கும். வெறும் ஈரத் துணி போதும்.

குங்குமமும் மஞ்சளும் சிந்தினால் அப்போதே துடைத்துவிடுங்கள். கல்லூரி திறந்த அன்று சரோஜா அக்கா சிந்துவுக்கு ஆரத்தி சுற்றியபோது தளும்பியது ஓரத்தில் இன்னும் ஆரஞ்சாய் இருக்கிறது. "நல்லதுக்குத்தான்" என்று அவர் சொல்லிவிட்டார். கறைக்கு அது தெரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாய் ஒரு கை வார்னிஷ் கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் போன சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் செய்தேன். மொட்டை மாடியில் தொட்டி நிழலில் விரித்துத் துடைத்துப் பார்த்தபோது, பாதங்கள் எல்லாம் போட்ட அன்று இருந்த மாதிரியே மின்னின. யாரும் தொடாத இடம். அவற்றுக்கு இடது பக்கமாக மட்டும், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும், பளபளப்பு தேய்ந்து ஒரு தடம் ஓடியது. வரப்புத் தடம் மாதிரி. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் குதிகால் ஊன்றிய இடங்கள்கூடத் தெரிந்தன.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் பெயின்ட் போகும், அதற்கடுத்து துணி கிழியும். நடந்து தேய்ந்த இடத்துக்குத்தான் முதலில் பூச வேண்டும். தூரிகையைத் தோய்த்து அந்தத் தடத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

பாதி போயிருப்பேன், போன் அடித்தது. சிந்து. இடது கையால் எடுத்தேன். பின்னால் இரைச்சல், விசில், யாரோ சில்லறை கேட்கிற சத்தம்.

"ம்மா, பஸ்ல வாரேன்."

வார்னிஷை நடுவில் நிறுத்தக் கூடாது. ஈரம் போய்விட்டால் நிறுத்திய இடத்தில் கோடு விழும், அது எப்போதும் தெரியும். என் கை நின்றுவிட்டது.

"எந்த பஸ்ல?"

"டவுன் பஸ்லதான்."

"உக்காந்திருக்கியா?"

"எடமில்லம்மா, நிக்கிறேன்."

கேட்பதற்கு எனக்கு நிறைய இருந்தது. யார் கூட இருக்கிறார்கள், எங்கே நிற்கிறாய், படிப் பக்கமா, முன்னாலா, ஏறும்போது யார் பார்த்தார்கள், இறங்கும்போது...

"ம்மா, கம்பியப் பிடிக்கணும். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

நான் போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஓரம் காய்வதற்குள் தூரிகையை இழுத்தேன்.